காலி ஃப்ளாட்டுக்கு கவுன்சில் டாக்ஸ்: சாவி வாங்கும் முன்பே கேட்க வேண்டியவை

லண்டனில் வீடு வாங்கப் போகும் நம் ஆட்கள் ஸ்டாம்ப் டூட்டியைக் கடைசி பவுண்டு வரை கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். சொலிசிட்டர் ஃபீஸ், சர்வே, சாமான் ஏற்றும் வேன் எல்லாம் எக்செல்லில் தனித்தனியாக இருக்கும். உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸ் மட்டும் இருக்காது. அது குடிபோன பிறகு வரும் செலவு என்று நினைப்பு. உண்மையில் அது கம்ப்ளீஷன் தேதியிலிருந்தே, அதாவது வீடு உங்கள் கைக்கு வரும் நாளிலிருந்தே ஓடுகிறது. அது மட்டுமல்ல, நீங்கள் வாங்குவதற்கு முன் அந்த ஃப்ளாட் எவ்வளவு காலம் பூட்டிக் கிடந்தது என்பதும் உங்கள் பில்லில் ஏறலாம்.

நான் ஹாரோ பக்கம் இருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்கு பார்ப்பது என் வேலை. எண்களோடு பழகியவள் என்பதால் கோயிலிலோ பிறந்தநாள் விருந்திலோ யாராவது போனை நீட்டி, "அக்கா, இந்த பில் ஏன் இப்படி வந்திருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்பது வழக்கம். 2025 ஜூலையில் நாங்களும் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்றை வாங்கினோம். சமையலறையும் தரையும் மோசம் என்பதால் வாடகை வீட்டிலேயே இருந்துகொண்டு வேலையை முடித்து, அக்டோபரில் குடிபோனோம். அந்த இடைப்பட்ட காலத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுதுவது எல்லாம் இங்கிலாந்துக்கான விதிகள். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் கவுன்சில் டாக்ஸ் உண்டு, ஆனால் காலி வீட்டு விதிகள் வேறு. வட அயர்லாந்தில் இந்த வரியே கிடையாது, அங்கே ரேட்ஸ் என்ற பழைய முறை.

யார் கட்ட வேண்டும்?

ஊரில் சொத்து வரி வீட்டுக்காரர் தலையில்தான். யார் குடியிருந்தாலும் மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது உரிமையாளர். இங்கே அப்படியில்லை. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு ஏணி போட்டு வைத்திருக்கிறது. அந்த வீட்டில் வசிக்கும் உரிமையாளர் இருந்தால் அவர், இல்லையென்றால் வசிக்கும் வாடகைதாரர், அப்புறம் உரிமை ஏதும் இல்லாமல் சும்மா வசிப்பவர். யாருமே வசிக்கவில்லை என்றால் கடைசிப் படியில் உரிமையாளர் நிற்பார். காலி ஃப்ளாட்டில் அந்தக் கடைசிப் படிதான் நீங்கள்.

"நான் வெறும் லீஸ்ஹோல்டர், ஃப்ரீஹோல்டு வேறொருவரிடம் இருக்கிறது, அவர்தானே ஓனர்?" என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். லீஸ்ஹோல்டர் என்றால் நீண்ட காலக் குத்தகைக்கு ஃப்ளாட்டை வாங்கியவர், ஃப்ரீஹோல்டு என்றால் கட்டடத்தின் நிரந்தர உரிமை. நல்ல வாதம்தான், ஆனால் செல்லாது. இந்தச் சட்டத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ நீளும் லீஸ் வைத்திருந்தாலே உரிமையாளர்தான். 125 வருட லீஸ் வாங்கியவர் தப்பிக்க வழியில்லை. கணவன், மனைவி இருவர் பெயரிலும் வாங்கினால் இருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. பாதியை நீங்கள் கட்டிவிட்டு மீதியை அவரிடம் கேளுங்கள் என்று கவுன்சிலிடம் சொல்ல முடியாது.

குப்பை போடவில்லை, தண்ணீர் திறக்கவில்லை, ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். இது பயன்படுத்தியதற்கான கட்டணம் அல்ல, வரி.

எந்த நாளிலிருந்து?

ஒப்பந்தம் உறுதியாகும் எக்ஸ்சேஞ்ச் நாள் இதற்குக் கணக்கில்லை. கம்ப்ளீஷன் நாள்தான். கணக்கு நாள்வாரியாக ஓடும், ஒரு நாள் முடியும்போது நிலைமை எப்படி இருந்ததோ அதுவே அந்த முழு நாளுக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சாவி வாங்கினால் அந்த வெள்ளிக்கிழமை உங்களுடையது.

ஒரு கணக்குப் பார்ப்போம். உங்கள் ஃப்ளாட்டுக்கு வருட வரி 1,825 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்குச் சரியாக 5 பவுண்டு. 2025 ஜூலை 18 அன்று கம்ப்ளீஷன் என்றால், அடுத்த மார்ச் 31 வரை 257 நாள், 1,285 பவுண்டு. வாடகை வீட்டில் இன்னும் இருக்கிறீர்கள் என்றால் அங்கே கட்டும் கவுன்சில் டாக்ஸ் தனி. இரண்டு வீட்டுக்கு ஒரே நேரத்தில் கட்டுகிறோமே என்று யாரும் இரக்கப்பட மாட்டார்கள்.

உங்கள் வருடத் தொகை என்ன என்பதைப் பேண்டும் கவுன்சிலும் சேர்ந்து தீர்மானிக்கும். பேண்டு ஏ முதல் ஹெச் வரை, 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்து. நீங்கள் நான்கு லட்சத்துக்கு வாங்கிய ஃப்ளாட்டின் 1991 மதிப்பு 52,000 பவுண்டுக்கு மேல் 68,000-க்குள் என்றால் சி பேண்டு. டி பேண்டுதான் அளவுகோல், அதில் ஒன்பதில் எட்டுப் பங்கு சி பேண்டுக்கு. 2025–26-இல் இங்கிலாந்தின் சராசரி டி பேண்டு 2,280 பவுண்டு. ஆனால் வான்ட்ஸ்வொர்த், வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற இடங்களில் அதில் பாதிகூட வராது. பேண்டைப் பார்க்க கவ் டாட் யூகே தளத்தில் போஸ்ட்கோடு போட்டால் போதும், விலை பேசும் முன்பே பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். கம்ப்ளீஷன் ஸ்டேட்மென்டில் சர்வீஸ் சார்ஜையும் கிரவுண்ட் ரென்டையும் விற்பவருக்கும் உங்களுக்கும் நாள் கணக்கில் பிரித்து எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு கவுன்சில் டாக்ஸும் அதில் அடங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. அடங்காது. விற்பவர் தன் கணக்கைத் தானே முடித்துக்கொள்வார், உங்கள் கணக்கை நீங்கள்தான் தொடங்க வேண்டும். சொலிசிட்டர் கவுன்சிலுக்குச் சொல்லிவிடுவார் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சிலர் சொல்வார்கள், பலர் மாட்டார்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

"கடைசியாக இங்கே ஆள் வசித்தது எந்தத் தேதி வரை?" இந்த ஒரு கேள்வியை உங்கள் சொலிசிட்டர் மூலம் எக்ஸ்சேஞ்சுக்கு முன் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். காரணம் இதுதான்.

இங்கிலாந்தில் ஆளும் இல்லாமல் சாமானும் இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கும் வீட்டுக்கு கவுன்சில் கூடுதல் வரி போடலாம். பிரீமியம் என்பார்கள். 2013-இல் தொடங்கியபோது இரண்டு வருடம் காலியாக இருந்த பிறகு 50 சதவீதம்தான். 2019-இல் அதை நூறாக்கினார்கள். 2024 ஏப்ரலிலிருந்து ஒரு வருடம் காலியாக இருந்தாலே நூறு சதவீதம், அதாவது இரட்டிப்பு பில். ஐந்து வருடம் தாண்டினால் மூன்று மடங்கு, பத்து வருடம் தாண்டினால் நான்கு மடங்கு வரை போகலாம். போட வேண்டும் என்ற கட்டாயம் கவுன்சிலுக்கு இல்லை. ஆனால் பணத்துக்கு அல்லாடும் கவுன்சில்களுக்கு இதைவிட எளிய வழி கிடைக்குமா?

இதில்தான் சிக்கல். அந்த ஒரு வருடக் கடிகாரம் வீட்டோடு ஒட்டியது, ஆளோடு அல்ல. கை மாறினால் அது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்காது. விற்பவர் பத்து மாதம் பூட்டி வைத்திருந்த ஃப்ளாட்டை வாங்கினால் உங்களுக்கு மிச்சம் இரண்டு மாதம்தான். பதினான்கு மாதம் பூட்டிக் கிடந்ததை வாங்கினால் சாவி வாங்கிய அன்றே இரட்டிப்பு பில் தொடங்கலாம். இடையில் யாரையாவது கொஞ்ச நாள் தங்கவைத்துக் கடிகாரத்தை நிறுத்தலாமா என்றால், ஆறு வாரத்துக்கு மேற்படாத எந்தக் குடியிருப்பையும் சட்டம் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது.

எங்கள் ஃப்ளாட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் 2024 நவம்பர் கடைசியில் போயிருந்தார்கள். நாங்கள் வாங்கியபோது கடிகாரம் ஏற்கெனவே ஏழு மாதத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே எங்களுக்குக் கெடு நவம்பர் முடிவு. மேலே சொன்ன அதே 5 பவுண்டுக் கணக்கில் டிசம்பர் முதல் மார்ச் வரை 121 நாள், கூடுதலாக 605 பவுண்டு. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டினேன். தரைப் பலகை போட வந்தவர் "அடுத்த மாதம் பார்க்கலாமே" என்றபோது அந்தத் தாளைத்தான் காட்டினேன். மனிதர் சிரித்துவிட்டு செப்டம்பரிலேயே வந்து முடித்துக் கொடுத்தார்.

அதே கேள்வியோடு இன்னொன்றையும் கேளுங்கள்: இப்போது இந்த ஃப்ளாட்டுக்குத் தள்ளுபடியோ விலக்கோ பிரீமியமோ ஏதாவது ஓடுகிறதா? சில கவுன்சில்கள் சாமான் இல்லாத காலி வீட்டுக்கு முதல் சில வாரங்களோ ஒரு மாதமோ தள்ளுபடி தருகின்றன. 2013-க்கு முன்பு இங்கிலாந்து முழுவதும் ஆறு மாத விலக்கு இருந்தது. அதை எடுத்துவிட்டு, எவ்வளவு தருவது என்பதை அந்தந்த கவுன்சில் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். பழைய ஆட்கள் "ஆறு மாசம் ஃப்ரீ" என்று இன்னமும் சொல்வது அதனால்தான். இப்போது தரும் இடங்களிலும் அந்த மாதம் வீடு காலியான நாளிலிருந்து எண்ணப்படுவது வழக்கம், விற்பவரே அதை அனுபவித்து முடித்திருப்பார். உங்கள் கவுன்சிலின் தளத்தில் காலி வீடுகள் பற்றிய பக்கத்தைத் தேடிப் படியுங்கள். பக்கத்து பரோவில், அதாவது வேறு கவுன்சிலின் எல்லையில் இருக்கும் மச்சான் சொல்வது உங்கள் பரோவுக்குப் பொருந்தாது.

இறந்தவரின் சொத்தை வாரிசுகளிடமிருந்து வாங்குகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம். அவர்களுக்கு புரோபேட் விலக்கு, அதாவது இறந்தவரின் சொத்து விவகாரம் முடிவதற்காகத் தரும் விலக்கு, இருந்திருக்கலாம், கவுன்சில் டாக்ஸே கட்டாமல் இருந்திருக்கலாம். அந்த விலக்கு விற்பனையோடு முடிந்தது, உங்களுக்குத் தொடராது. "போன ஓனர் ஒரு பைசாகூடக் கட்டவில்லையாமே" என்ற ஏஜென்ட் பேச்சு உங்களுக்கு உதவாது.

சாமான் போட்டு வைத்தால் என்ன?

இதுதான் எல்லோருக்கும் தோன்றும் அடுத்த யோசனை. சாமான் இல்லாத காலி வீட்டுக்குத்தானே பிரீமியம், ஒரு கட்டிலும் சோபாவும் போட்டுவிட்டால் தப்பிக்கலாமே?

இப்போது அந்த வழியும் அடைபட்டுவிட்டது. சாமானும் இருந்து, யாருக்கும் முதன்மை வீடாகவும் இல்லாத வீட்டை இரண்டாவது வீடு என்று வகைப்படுத்துவார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கும் நூறு சதவீதம் வரை பிரீமியம் போடலாம். காலி வீட்டுக்காவது ஒரு வருட அவகாசம் உண்டு, இதற்கு அதுவும் இல்லை. உங்கள் கவுன்சில் இரண்டாவது வீட்டு பிரீமியத்தை ஏற்றிருந்தால் முதல் நாளிலிருந்தே இரட்டிப்பு. ஆகவே குடிபோகாமல் வேலை செய்யும் காலத்தில் ஃப்ளாட்டைக் காலியாகவே வைத்திருப்பதுதான் என் யோசனை. ஐக்கியாவில் தள்ளுபடி என்று மெத்தையும் மேசையும் முன்கூட்டியே வாங்கி அடுக்காதீர்கள்.

எவ்வளவு சாமான் இருந்தால் சாமான் உள்ள வீடு? சட்டம் அளவு சொல்லவில்லை. கார்பெட், திரை, பொருத்தப்பட்ட அடுப்பு இவையெல்லாம் பொதுவாகக் கணக்கில் வராது. படுக்க, உட்கார, சாப்பிட இடம் இருந்தால்தான் கேள்வி எழும். முந்தைய ஓனர் விட்டுப்போன பழைய அலமாரி ஒன்று எங்கள் ஃப்ளாட்டில் இருந்தது. கதவில்லாத அலமாரி. அதையும் போட்டோ எடுத்து அனுப்பினேன், கவுன்சில் எதுவும் சொல்லவில்லை.

"ஆள் இருக்குன்னு சொல்லிடுங்க"

கோயிலில் கிடைக்கும் இலவச ஆலோசனைகளில் முதல் இடம் இதற்குத்தான். அதன் மெருகேற்றிய வடிவம் ஒன்று உண்டு: கணவர் புது ஃப்ளாட்டில், மனைவி வாடகை வீட்டில் என்று எழுதிக் கொடுத்து, இரண்டிலும் ஒற்றை ஆள் தள்ளுபடி 25 சதவீதம் வாங்கிவிடுவது.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டுமே உண்மையில் வசித்தால் 25 சதவீதம் தள்ளுபடி நியாயமாகவே கிடைக்கும். ஆனால் முதன்மை வீடு எது என்பது நீங்கள் படிவத்தில் எழுதுவதை வைத்து முடிவாவதில்லை. எங்கே தூங்குகிறீர்கள், குடும்பம் எங்கே, வங்கிக் கடிதம் எங்கே வருகிறது, எந்தக் குடும்ப டாக்டரிடம் (ஜி.பி.) பதிவு, வாக்காளர் பட்டியலில் எந்த முகவரி என்று பார்ப்பார்கள். சமையலறையே இல்லாத ஃப்ளாட்டில் மின்சார மீட்டர் அசையாமல் நிற்க, அங்கே ஒருவர் குடியிருக்கிறார் என்று எப்படி நிரூபிப்பது? தவறான தகவலுக்கு 70 பவுண்டு அபராதம், வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்தால் மோசடி வழக்கு வரை போகலாம். விசா புதுப்பிப்பு பாக்கி இருக்கும் வீட்டில் இந்த விளையாட்டே வேண்டாம்.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது, நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பொருந்தும். முழுநேர மாணவர்கள் மட்டுமே வசிக்கும் வீட்டுக்கு வரி கிடையாது. ஊரிலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க வந்த தங்கை மகன் ஹாஸ்டல் தேடிக்கொண்டிருக்கிறான் என்றால், ஃப்ளாட் வசிக்கும் நிலையில் இருந்தால், அவன் உண்மையாகவே அங்கே தங்கட்டும். பல்கலைக்கழகம் தரும் கவுன்சில் டாக்ஸ் சான்றிதழை இணைத்து விலக்குக் கேளுங்கள். வருடத்துக்கு 24 வாரம், வாரத்துக்கு 21 மணி நேரம் படிப்பு என்ற அளவு அந்தச் சான்றிதழிலேயே அடங்கிவிடும். அவனோடு வேலைக்குப் போகும் நண்பன் ஒருவன் சேர்ந்து தங்கினால் முழு விலக்கு போய்விடும். உங்கள் மார்ட்கேஜ் நீங்களே குடியிருப்பதற்காகத் தந்தது என்றால் வாடகை வாங்கும் முன் வங்கியிடம் அனுமதி கேட்பதும் அவசியம்.

சமையலறை இல்லாத வீட்டுக்கு வரியா?

ஆம். சமையலறையைப் பிடுங்கிப் போட்டாலும், பாத்ரூமில் குழாய் இல்லாவிட்டாலும், சாதாரணப் பழுதுபார்ப்பால் வசிக்கத் தக்கதாக்கிவிடலாம் என்றால் அது வீடுதான், பேண்டு நிற்கும். பேண்டையே பட்டியலிலிருந்து நீக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை, அது வீடுகளுக்குப் பேண்டு போடும் அரசு அலுவலகமான வேல்யுவேஷன் ஆஃபீஸின் வேலை. அவர்கள் நீக்குவது பாழடைந்துபோன கட்டடங்களையும், உள்ளே எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும்படி மாற்றிக் கட்டப்படுபவற்றையும்தான்.

பெரிய பழுதுவேலை நடக்கும் வீட்டுக்குத் தள்ளுபடி தரும் கவுன்சில்கள் சில உண்டு, அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். தராதவைதான் அதிகம். பிரீமியத்திலிருந்து மட்டும் ஒரு தற்காப்பு 2025 ஏப்ரலில் வந்தது: வசிக்கத் தக்கதாக்கப் பெரிய பழுதுவேலையோ கட்டமைப்பு மாற்றமோ தேவைப்படும் அல்லது நடந்துகொண்டிருக்கும் காலி வீட்டுக்கு, பன்னிரண்டு மாதம் வரை பிரீமியம் போடக் கூடாது. இதைக் கேட்க வேண்டும் என்றால் சர்வேயர் அறிக்கை, கான்ட்ராக்டர் கொட்டேஷன், தேதியோடு போட்டோ மூன்றும் வேண்டும். அலமாரிக் கதவு மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதும் பெரிய பழுதுவேலை ஆகாது. எங்கள் வேலையும் ஆகாது என்று தெரிந்ததால் நான் கேட்கவே இல்லை.

கவுன்சிலுக்குச் சொல்வது, பில் வரும் பெட்டி

கம்ப்ளீஷன் முடிந்த வாரத்திலேயே கவுன்சிலின் ஆன்லைன் படிவத்தை நிரப்பிவிடுங்கள். அதில் சொல்ல வேண்டியவை: கம்ப்ளீஷன் தேதி, உரிமையாளர்கள் எல்லோருடைய பெயர், இப்போது அங்கே ஆள் இல்லை, சாமான் இல்லை என்பது, கடைசியாக ஆள் இருந்த தேதி, குடிபோக உத்தேசித்த தேதி, இப்போது நீங்கள் வசிக்கும் முகவரி. கூடவே ஒவ்வொரு அறையையும் சாவி வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கரன்ட் மீட்டர் எண்ணையும் சேர்த்து. போனில் பேசினால் பேசியவரின் பெயரையும் குறிப்பு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முகவரியை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீங்கள் வேறு சொல்லாதவரை பில் அந்தக் காலி ஃப்ளாட்டுக்குத்தான் போகும். ஃப்ளாட் கட்டடங்களில் கீழ்த்தளத்தில் சின்னச் சின்னத் தபால்பெட்டிகள் வரிசையாக இருக்குமே, எங்கள் பெட்டியின் சாவி விற்பவரிடமிருந்து வரவே இல்லை. இடுக்கு வழியாகப் பார்த்தால் பீட்சா நோட்டீஸ்களுக்கு அடியில் பழுப்பு உறை ஒன்றின் ஜன்னல் மட்டும் தெரிந்தது. பூட்டை உடைத்து எடுத்தால் பழைய வாடகைதாரருக்கு வந்தது. எங்கள் பில் முன்பே சொல்லியிருந்ததால் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டது.

பில்லைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? தவணை தவறினால் ஏழு நாள் கெடு வைத்து நினைவூட்டல் வரும். அதற்கும் அசையாவிட்டால் தவணை வசதி போய் வருடத்தின் மீதித் தொகை முழுவதும் ஒரே அடியாகக் கேட்கப்படும். அப்புறம் மாஜிஸ்திரேட் நீதிமன்ற சம்மன், அதன் செலவும் உங்கள் கணக்கில். நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு கவுன்சில் உங்கள் முதலாளிக்கே எழுதிச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லலாம். அந்தக் கடிதம் என்னைப் போன்றவர்களின் மேசைக்குத்தான் வருகிறது. இங்கிலாந்தில் பிடிக்கும் அட்டவணை கொஞ்சம் கொடூரம்: மாத நிகரச் சம்பளம் 2,020 பவுண்டுக்கு மேல் போனால் முதல் 2,020-க்கு 17 சதவீதம், அதற்கு மேல் உள்ளதில் பாதி. 2,520 பவுண்டு வாங்குபவருக்கு ஒரே மாதத்தில் 593 பவுண்டு 40 பென்ஸ் போய்விடும். அந்த மாதத்தில் ஸ்லிப்பைப் பார்த்துவிட்டு மாடியேறி வருபவர்களில் பாதிப்பேர் "எனக்கு பில்லே வரவில்லை" என்றுதான் சொல்வார்கள்.

வருட நடுவில் கணக்குத் தொடங்குவதால் தவணைகள் குறைவாகவும் பெரிதாகவும் இருக்கும். மார்ச் வரை பரப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

புதுக் கட்டடம் என்றால்

பில்டரிடமிருந்து நேராக வாங்கும் புது ஃப்ளாட்டில் கடிகாரப் பிரச்சினை குறைவு, வேறு பிரச்சினை ஒன்று உண்டு. கட்டடம் முடிந்ததாக அல்லது மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும் என்று கவுன்சில் ஒரு நோட்டீஸ் தரும். அந்தத் தேதியிலிருந்து அது வரிக்கு உட்பட்ட வீடு, உள்ளே பெயின்ட் காயாவிட்டாலும். கம்ப்ளீஷன் வரை பில்டர், அதற்குப் பிறகு நீங்கள். ஆனால் பேண்டு போட சில மாதங்கள் ஆகலாம், அதுவரை பில் வராது. பிறகு எல்லாம் சேர்த்து முன்தேதியிட்டு வரும். பக்கத்துக் கட்டடத்தின் பேண்டைப் பார்த்து மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். நோட்டீஸில் உள்ள தேதி தவறு என்றால் 28 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு, அது பெரும்பாலும் பில்டரின் தலைவலி.

பில் தவறாக வந்தால்

என் அத்தான் ஒருவர் வேறொரு பரோவில் ஃப்ளாட் வாங்கினார். முதல் பில்லே இரட்டிப்பு. "நான் வாங்கி இரண்டு மாதம்தானே ஆகிறது" என்று கடிதம் எழுதினார். அந்த வாதத்தில் பலன் இல்லை, கடிகாரம் வீட்டுடையது. ஆனால் அந்தக் கடிகாரமே தவறாக ஓடியிருந்தது. கவுன்சில் பதிவில் வீடு இரண்டு வருடமாகக் காலி என்று இருந்தது, நடுவில் ஒரு வாடகைதாரர் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போனது அவர்கள் கணக்கில் ஏறவே இல்லை. விற்பவரின் ஏஜென்டிடமிருந்து பழைய வாடகை ஒப்பந்தத்தையும், சாமான் பட்டியலையும், வாடகைதாரர் வெளியேறிய தேதி உள்ள மின்னஞ்சலையும் வாங்கி அனுப்பினோம். பிரீமியம் ரத்தானது, கூடுதலாகக் கட்டியது அடுத்த தவணைகளில் கழிந்தது. எக்ஸ்சேஞ்சுக்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்டு வைத்திருந்தால் இந்தத் தாள்கள் எல்லாம் அப்போதே கையில் இருந்திருக்கும். விற்று முடித்தவரிடம் பிறகு கெஞ்சுவது வேறு விஷயம்.

முறை இதுதான். முதலில் கவுன்சிலுக்கு எழுத்தில், எந்த முடிவை ஏற்கவில்லை, ஏன் என்று தேதிகளோடு எழுதுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு இரண்டு மாதம். பதில் திருப்தியில்லை என்றால் அந்தப் பதிலிலிருந்து இரண்டு மாதத்துக்குள் இங்கிலாந்துக்கான வேல்யுவேஷன் டிரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிலே வரவில்லை என்றால் முதல் கடிதத்திலிருந்து நான்கு மாதத்துக்குள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. வழக்கு நடக்கும்போதும் பில்லைக் கட்டிக்கொண்டே இருங்கள், ஜெயித்தால் திரும்பி வரும். சட்டப்படி சரியான பில்தான், ஆனால் கட்டவே முடியாத நிலை என்றால் அதற்கென்று கவுன்சில் தன் விருப்பப்படி தரும் நிவாரணம் உண்டு. வேலை போனது, நோய் போன்றவற்றுக்குச் சான்றோடு கேட்க வேண்டும்.

குடிபோன அன்று கவுன்சிலுக்கு மறுபடி எழுதி, இன்றிலிருந்து இது எங்கள் முதன்மை வீடு என்று சொல்லுங்கள். வாடகை வீட்டுக் கணக்கை மூடவும் அதே நாளில். தனியாள் என்றால் 25 சதவீதத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வாக்காளர் பதிவையும் மாற்றிவிட்டால் சாட்சியம் வலுவாகும்.

பேண்டே தவறு என்று தோன்றினால், நீங்கள் அந்த வீட்டுக்கு வரி கட்டத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் முறைப்படி எதிர்க்கும் உரிமை இருக்கிறது. காலியாக இருந்த மாதங்களும் இந்த ஆறில் சேரும் என்பதால் குடிபோன பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப் போடாதீர்கள். அதே மாடியில் அதே அளவு ஃப்ளாட்டுகளின் பேண்டுகளைத் தளத்தில் பார்த்துவிட்டு, உங்களுடையது மட்டும் கூடுதலாக இருந்தால் மட்டும் கையை வையுங்கள். மறுபரிசீலனையில் பேண்டு ஏறவும் செய்யலாம், அதோடு பக்கத்து வீட்டாருடையதும் ஏறினால் லிஃப்ட்டில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர் நீங்கள்.